மலையில் கிடந்தவர்

ஸ்பில்கார்ன் ஓடை, வட கரோலினா
மே 19, 1968

அன்புள்ள லாய்டு அண்ணனுக்கு,

தங்கை ஐவா ஜீன் எழுதுவது. நாங்கள் சுகம். உன் சுகத்துக்குத் தினமும் ஜெபிக்கிறோம். சிவப்புப் பசு கன்று ஈன்றிருக்கிறது. காலுறை ஆலையில் எனக்குப் பகல் வேலையே கொடுத்துவிட்டார்கள்.

உன் கடிதத்தை நீ சொன்னபடி அப்பாவிடம் காட்டவில்லை. உன்னை அடுத்த மாதம் வியட்நாம் போருக்கு அனுப்புகிறார்கள் என்று எழுதிவிட்டு, ஹைரம் கொள்ளுத்தாத்தா மலையில் எந்த இடத்தில் கிடந்தார் என்று விசாரிக்கச் சொல்லியிருந்தாய். ஏன் என்று எழுதவில்லை. பெருமைக்காகக் கேட்கிறாய் என்றுதான் நினைத்தேன். நீ பட்டாளத்துக்குப் பேருந்து ஏறிய அன்று அப்பா சொன்னாரே, நூறு வருஷத்துக்கு முந்தைய உள்நாட்டுப் போரில் காலில் குண்டு பட்டு ஹைரம் மலையில் கிடந்தார், அப்போதும் முதுகு காட்டவில்லை என்று.

என்னோடு தையல் போடும் வெர்னா மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி. யாரிடமும் வாய் திறக்காத நான் அவளிடம் கேட்டேன். அவள் ஊசியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"அடி மக்கு, அடிபட்டவன் ரெண்டு குளிர்காலம் முழுக்கவா கிடப்பான்? பட்டாளத்தை விட்டு ஓடி வந்து ஒளிஞ்சிருந்தவங்களைத்தான் அப்போ மலையில கிடந்தவங்கன்னு சொல்லுவாங்க. எங்க வீட்டு ஆளுங்கதான் உன் ஹைரமுக்குச் சோளரொட்டி கொண்டு போய் வச்சாங்க."

ஹைரம் கடைசிவரை நொண்டி நடந்ததுகூடக் குண்டடியால் இல்லையாம். கஷ்கொட்டை பறிக்கப் போய் மரத்திலிருந்து விழுந்தாராம்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. பொய் என்று சொல்ல வந்தேன். ஆனால் தாத்தா பிறந்தது அந்தப் போரின் கடைசி வருஷத்தில். நம் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், ஒருவரும் யோசித்துப் பார்க்கவில்லை. ஹைரம் பட்டாளத்திலேயே இருந்திருந்தால் தாத்தா ஏது, அப்பா ஏது, நாம் ஏது?

அடுத்த ஞாயிறு கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாள். ஹைரமுக்குப் புதுக் கல் வந்திருக்கிறது. பெயருக்குக் கீழே 'போர்வீரர்' என்று வெட்டச் சொல்லியிருக்கிறார் அப்பா. நேற்று அவரிடம் மெதுவாக, 'கிடந்தவர்' என்றால் வேறு அர்த்தமும் இருக்கிறதாமே என்றேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"எட்டாவதோட நின்னவளுக்கு அர்த்தம் எல்லாம் எதுக்கு? போய்ப் பாலைக் காய்ச்சு."

சொல்லிவிட்டு, கல்லில் வெட்ட எழுதிவைத்திருந்த சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு முன்பே தெரியுமோ? தெரிந்துதான் உன்னிடம் அப்படிச் சொல்லி அனுப்பினாரோ? உனக்கும் தெரிந்துதான் இடத்தைக் கேட்கிறாயோ? ஒன்றும் புரியவில்லை அண்ணா. ஹைரமை நினைத்தால் ஒரு நேரம் வெட்கமாக இருக்கிறது. மறு நேரம் அவருக்கு ரொட்டி வைத்தவர்களின் காலில் விழலாம் போலிருக்கிறது. ஜெனிங்ஸ் வீட்டுப் பையனை வியட்நாமிலிருந்து பெட்டியில் கொண்டுவந்தார்கள். அவன் அம்மா இப்போது கோயிலுக்கு வருவதில்லை.

வெர்னா என்னை அந்த இடத்துக்குக் கூட்டிப் போனாள். பாறைக்கு அடியில் இன்னும் புகைக்கறை இருக்கிறது. பக்கத்திலேயே ஊற்று. போகும் வழியை இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் கிழித்துவிட்டேன். போருக்குப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓடி வந்துவிடு என்று சொல்லவும் பயமாக இருக்கிறது.

வழியை எழுத மாட்டேன். நீயே வந்து கேள், கூட்டிப் போகிறேன். இந்த மாதமோ, போர் முடிந்த பிறகோ, நடந்து வந்து கேள். கர்த்தர் உன் கால்களைக் காக்கட்டும். அப்பா தினமும் பின்கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் படுக்கப் போகிறார். அதற்குப் பிறகு நான் எழுந்து போய்த் தாழை எடுத்துவிடுகிறேன்.

உன் அன்புத் தங்கை,
ஐவா ஜீன்