நம் பெயரில் யார் அனுப்பலாம்

மார்ச் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிற பட்டறைக்கு வேறு தலைவலியே இல்லை பார். யாரோ நம் கம்பெனி பெயரில் வாடிக்கையாளர்களுக்குப் போலி மெயில் அனுப்புகிறான். கம்ப்யூட்டர்காரர் வந்தார். கம்பெனியின் இணையப் பெயரில், அதாவது டொமைனில், மூன்று பதிவுகள் போட வேண்டுமாம் — எஸ்பிஎஃப், டீகிம், டிமார்க். நம் பெயரில் எந்தெந்த சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல், ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு முத்திரை, இரண்டிலும் தேறாததை என்ன செய்வது என்ற உத்தரவு. "முதல்ல சும்மா கவனிப்போம் மேடம். தடுக்கிறது அப்புறம்" என்றார்.

தம்பி இருந்தால் இதையெல்லாம் அவனே பார்த்திருப்பான். சண்டை போட்டுக்கொண்டு போனான், போகட்டும். அப்பாவுக்கு அது தெரியாது. வெளியூர்க் கிளையைப் பார்த்துக்கொள்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மார்ச் 9

பதிவுகள் போட்டாயிற்று. நம் மெயில்கள் ஒழுங்காகப் போகின்றன.

மார்ச் 12, வியாழன்

நம் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்ற அறிக்கை வந்தது. அந்தப் போலி ஆசாமி கூட்டம் கூட்டமாக அனுப்பியிருக்கிறான். அது போக, பட்டியலில் இல்லாத இன்னொரு சர்வர் தினமும் ஒரே ஒரு மெயில் அனுப்புகிறது. கம்ப்யூட்டர்காரர் தயங்கினார். "திருடன் ஒண்ணோட நிறுத்த மாட்டான் மேடம். யாருன்னு விசாரிச்சுட்டுத் தடுக்கலாமே."

எனக்குப் பொறுமை எங்கே இருக்கிறது? "யாரா இருந்தா என்ன? எல்லாத்தையும் திருப்பி அனுப்புங்க" என்றேன். உத்தரவை மாற்றிவிட்டுப் போனார்.

மார்ச் 13

நிம்மதி.

மார்ச் 19

அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. டேப்லெட்டைத் திறந்து திறந்து மூடுகிறார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்.

மார்ச் 21, சனி

"சின்னவனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று அப்பா கேட்டார். ஏன் என்றேன். "தினம் மெயில் போடுவான். ஒரு வாரமா காணோம். உனக்கும்தான் போடுவானே."

எனக்கு எங்கே போடுகிறான். போனில் பேசினால் அப்பாவுக்குக் காது கேட்காது. கம்பெனி முகவரியிலிருந்து வராத எதையும் திறக்கக் கூடாது என்று அவரை மிரட்டி வைத்ததும் நான்தான். சண்டைக்குப் பின் தம்பியின் கம்பெனி மெயில் பெட்டியை நான் மூடிய பிறகு, அப்பா திறக்க வேண்டுமே என்று அவன் தன் சர்வரிலிருந்து பழைய முகவரியைப் போட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். தினமும் ஒன்று.

கையோடு அவனுக்குப் போன் செய்தேன்.

"திரும்பி வந்த மெயில்ல தெளிவா இருந்துச்சுக்கா. டொமைன் உரிமையாளர் ஏத்துக்க வேண்டாம்னு சொல்லியிருக்கார்னு. உரிமையாளர் நீதானே?"

"அது திருடனுக்குப் போட்டதுடா."

"சரி. திருடனாவே இருந்துட்டுப் போறேன்." வைத்துவிட்டான்.

மார்ச் 23

அவன் சர்வரைப் பட்டியலில் சேர்த்தாயிற்று. இனிமேல் மெயில் போகும், அப்பாவுக்கு எழுது என்று மெசேஜ் அனுப்பினேன். படித்துவிட்டான். பதில் இல்லை.

மார்ச் 30

வரவில்லை. ஒரு நாள் விசாரிச்சிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும் எனக்கு? அழுகை அழுகையாக வருகிறது.

ஏப்ரல் 2, வியாழன்

தம்பியின் பழைய பெட்டியை மறுபடி திறந்தேன். அவன் பெயரில் அப்பாவுக்கு நாலு வரி எழுதினேன். வேலை அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை, நன்றாக இருக்கிறேன், மாத்திரை போட்டுக்கொள்கிறீர்களா. நம் சர்வர், நம் முத்திரை. எந்தச் சோதனையிலும் மாட்டவில்லை.

அப்பா இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அவன் மாத்திரையெல்லாம் கேக்க மாட்டான்மா. நீதான் கேப்ப."

டேப்லெட்டை வாங்கி மூடப் போனேன்.

"பரவால்ல. நாளைக்கும் போடு" என்றார்.