பக்கவாட்டில் தெரிந்த கொக்கி

ஜூன் 3, செவ்வாய்

காலையில் மூன்று பூச்சிகளைப் பாழாக்கினேன். மூன்றும் நானே புழுவிலிருந்து வளர்த்தவை. சிறகை விரித்தால் மொத்தமே நான்கு மில்லிமீட்டர். வயிற்று நுனியை வெட்டி, மருந்தில் ஊறவைத்து, உள்ளே இருக்கும் இனப்பெருக்க உறுப்பை ஊசிமுனையால் பிரித்தெடுக்க வேண்டும். இருபத்தைந்து வருடமாகச் செய்கிற வேலை. இன்று வலது கை சொன்னபடி கேட்கவில்லை. ஊசி வயிற்றைத் தொடும் நேரத்தில் காற்றில் மாட்டிய காகிதம் போல் படபடக்கிறது.

இந்தச் சின்ன அந்துப்பூச்சிகளில் எது எந்த இனம் என்று சிறகை வைத்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் அதே சாம்பல், அதே வெள்ளிக்கோடு. ஆணின் உறுப்பில் இருக்கும் கொக்கியையும் மடலையும் பார்த்துத்தான் பிரிக்கிறோம். கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் தன் நண்பர்களிடம் "மியூசியத்துல வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பாவம்.

கை சரியாகிவிடும். தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 6, வெள்ளி

காரணம் தூக்கம் இல்லையாம். நரம்பு டாக்டர் ஒரு காகிதத்தில் சுருள் வரையச் சொன்னார். வரைந்தேன். ரம்பப் பல் போல வந்தது.

"பயப்பட ஒண்ணுமில்ல. சில பேருக்கு இந்த வயசுல வர்ற நடுக்கம். மாத்திரையில கொஞ்சம் அடங்கும். முழுசாப் போகாது."

"நான் ஊசிமுனையில வேலை செய்யறவ, டாக்டர்."

"அப்ப வேலைய மாத்திக்குங்க."

வேலையை மாற்றுவானேன்? கையை மாற்றிக்கொள்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

பூச்சிப் பிரிவுத் தலைவர் பதவிக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. அடுத்த மாதம் பதினேழாம் தேதி நேர்காணல். என் கட்டுரைகளின் பட்டியலில் முதலிடத்தில் இருப்பது, இருபத்தாறு வயதில் நான் எழுதியது. இன்றைக்கும் மாணவர்களுக்குப் பாடமாக வைக்கிறார்கள்.

கதை சின்னது. இலையின் மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் நடுவே சுரங்கம் போட்டு வாழும் ஒரு புழு. மரத்திலும் இருக்கும்; அந்த மரத்தின்மேல் படரும் கொடியிலும் இருக்கும். எனக்கு முந்தைய தலைமுறை ஆய்வாளர் ஒருவர், இரண்டும் வெவ்வேறு இனம் என்று எழுதி இரண்டு பெயர் வைத்தார். நான் இரண்டையும் அறுத்துப் பார்த்து, ஒன்றுதான் என்று நிரூபித்து, இரண்டாவது பெயரை ரத்து செய்தேன். (என் கணக்கில் அவை மரத்தான், கொடியான். செல்லப் பெயர்.)

இப்போது அந்தப் பூச்சிக் குடும்பம் முழுவதையும் பற்றிப் புத்தகம் எழுதுகிறேன். ஒவ்வொரு இனத்திலும் பன்னிரண்டு புதிய ஸ்லைடு வேண்டும். நடுக்கமில்லாத ஒரு கை வேண்டும்.

ஜூன் 14, சனி

தம்பியின் கடைக்குப் போனேன். போன் ரிப்பேர்க் கடை. எனக்கும் அவனுக்கும் பதினொரு வயது வித்தியாசம்.

"என்னக்கா, டிஸ்ப்ளே போச்சா?"

"போன் நல்லாத்தான் இருக்கு. கைதான் போச்சு."

சொன்னேன். அவன் கையிலிருந்த வேலையை முடித்தான். அவனிடமும் மைக்ராஸ்கோப் இருக்கிறது; எனக்கு இத்தனை நாள் தெரியாது. கடுகில் பாதிகூட இல்லாத ஒரு துண்டைப் போனின் சர்க்யூட் பலகையில் பற்றவைத்தான். மூச்சை முழுக்க வெளியே விட்டு, அடுத்த மூச்சு எடுப்பதற்கு முன்னால் தொட்டான். நானும் அப்படித்தான் தொடுவேன். எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. அவனுக்கும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

"கல்யாண வீட்டுல எல்லார் முன்னாடியும், இவன் போன் நோண்டறான்னு சொன்னது நீதானே?"

"நான்தான்."

"இப்ப பூச்சி நோண்டக் கூப்பிடற."

"ஆமா."

சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, வருகிறேன் என்றான்.

ஜூன் 15, ஞாயிறு

முதல் இரண்டைக் கிழித்தான். மூன்றாவதை எடுத்த விதத்தைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன். என் கண்ணே பட்டுவிடும்.

ஜூன் 22, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

போன வாரம் மரத்தான் செய்தோம். இன்று கொடியான். உறுப்பை எடுத்ததும் பிசினில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடியை அழுத்தி மூடுவது வழக்கம். அது தம்பிக்கு இன்னும் பழகவில்லை. மருந்துச் சொட்டிலேயே வைத்து, ஊசியால் இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்; கடையில் பலகையைச் சாய்த்துப் பார்க்கிற பழக்கம்.

"அக்கா, இதுக்கும் போன வாரத்துதுக்கும் ஒரே பேரா?"

"ஒரே இனம்டா. நான் நிரூபிச்சது."

"அதுல கொக்கி நேரா கீழ வளைஞ்சிருந்துது. இதுல பக்கவாட்டுல திரும்புது. இந்தக் கனெக்டர் அந்த சாக்கெட்ல உக்காராது."

"கண்ணாடிய வச்சு அழுத்து. ஒண்ணாத்தான் இருக்கும்."

அழுத்தினான். ஒன்றாகத்தான் இருந்தது.

"நசுக்கினா எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும்," என்றான். குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான்.

அடுத்ததை அழுத்தாமல் பார்த்தோம். அதற்கடுத்ததையும். அவனை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூன் 23, திங்கள்

நூலகத்தில் அந்த ஆய்வாளரின் பழைய கட்டுரையை எடுத்தேன். எட்டாம் படம். கொடியானின் உறுப்பு, கோட்டோவியமாக. கொக்கி பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. நேற்று தம்பி உருட்டிக் காட்டிய அதே திருப்பம், அதே நுனி, அதன்மேல் இருக்கும் மூன்று முள் உட்பட.

அந்தப் படத்தைப் பற்றி நான் என்ன எழுதினேன் என்று எனக்கு மறக்கவில்லை. இருந்தாலும் எடுத்துப் படித்தேன். "எட்டாம் படத்தில் உள்ள கொக்கி எந்த மாதிரியிலும் இல்லை, அது வரைந்தவரின் கற்பனை."

எவ்வளவு திமிர் எனக்கு. நாலே நாலு பூச்சி — நாலு பூச்சிய நசுக்கிப் பாத்துட்டு, ஒருத்தர் கண்ணால பாத்து வரைஞ்சத கற்பனைன்னு எழுதியிருக்கேன். அதுக்குக் கைதட்டு வேற. அந்த ஆளு அதுக்கப்புறம் எதுவும் எழுதலயே, ஏன்னு ஒரு நாளாவது கேட்டேனா? கேக்கல. ஜெயிச்சுட்டேன்னு போயிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

சரி. நேற்று அழுதாயிற்று. இன்று வேலை.

அவர் கட்டுரையில் புழுக்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். மரத்தான் வளர்ந்ததும் இலையின் மேல்தோலைப் பிறை வடிவில் கிழித்து வெளியே வந்து அங்கேயே கூடு கட்டும். கொடியான் கீழ்ப்பக்கமாக வந்து நூலில் தொங்கி மண்ணுக்கு இறங்கும். "இவையெல்லாம் அன்றைய ஈரப்பதத்தைப் பொறுத்தவை" என்று அதையும் ஒரே வரியில் தள்ளியிருக்கிறேன்.

மரத்தின் கன்று இருபது, கொடி இருபது தொட்டி, வலைக்கூண்டு. மாடியில் வைக்க அனுமதி வாங்கிவிட்டேன். ஈரத்தை நானே கூட்டிக் குறைத்துப் பார்க்கப்போகிறேன். மரபணுச் சோதனைக்குப் பூச்சிகளின் கால்களும் போய்விட்டன. முடிவு வர இரண்டு மாதமாகும். அதுவரை கண் இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

மரத்தான் பன்னிரண்டு, கொடியான் பன்னிரண்டு. அழுத்தாமல் பார்த்தோம். ஒன்றுகூட மாறவில்லை.

ஜூலை 4, வெள்ளி

இயக்குநரிடம் சொன்னேன். நல்ல மனிதர், என் நன்மைக்குத்தான் பேசினார்.

"இன்டர்வியூ முடியட்டும் மேடம். அப்புறம் மெதுவா எழுதுங்க. இத்தன வருஷம் யாரும் கேக்கல, இன்னும் ரெண்டு வாரத்துல யாரு கேக்கப்போறா?"

வீட்டுக்காரரிடமும் கேட்டேன். அவர் செய்தித்தாளை மடித்தார். "நீ முடிவு பண்ணிட்டுத்தான் என்னைக் கேப்ப. சொல்லு, என்ன முடிவு?"

என் தப்பை எழுதி, விண்ணப்பத்தோடு இரண்டு பக்கம் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

ஒரு வாரமாகக் காலை முழுக்க மாடியில்தான். பெட்டைப்பூச்சிகளை, இரண்டு இலையும் உள்ள கூண்டில் விடுகிறேன். இலைமேல் இறங்கி, உணர்கொம்பால் தட்டித் தட்டி, வட்டமாக நடக்கும். பிடித்தால் நின்று முட்டையிடும். பிடிக்காவிட்டால், தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவர் மாதிரி சட்டென்று போய்விடும். முப்பத்துமூன்றில் முப்பத்தொன்று தன் தன் செடியில்தான் இட்டன. மீதி இரண்டு இடவே இல்லை.

இருபத்தைந்து வருடத்தில் உயிரோடு ஒரு பூச்சியை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. வளர்த்தவைகூடச் செத்த பிறகுதான் எனக்கு அறிமுகமாகும்.

என்றைக்கோ இவை ஒரே பூச்சியாக இருந்திருக்க வேண்டும். பின்னிக்கிடக்கிற மரத்திலும் கொடியிலும் ஏதோ ஒரு பெட்டை, மரம் என்று நினைத்துக் கொடியில் முட்டை வைத்திருக்கும். பிள்ளைகளில் பல செத்திருக்கும். சில பிழைத்து, பிறந்த இலையையே தேடி, அங்கே வந்ததோடேயே கூடி, பல்லாயிரம் தலைமுறையில் கொக்கியே திரும்பிவிட்டது. ஒரு சாண் தூரம்தான் நடுவில்.

ஜூலை 16, புதன்

முதல் புழுக்கள் இறங்கின. ஈரம் கூட்டிய தொட்டி, குறைத்த தொட்டி, இரண்டிலும் பார்த்தேன். கொடியான்கள் எல்லாம் நூலில் தொங்கி மண்ணுக்கு. மரத்தான்கள் மேலே கிழித்துக்கொண்டு. ஈரமாவது ஒன்றாவது.

ஜூலை 17, வியாழன்

ஐந்து பேர் மேசைக்கு அந்தப் பக்கம். ஓரத்தில் இருந்தவர் நான் சேர்த்த இரண்டு பக்கத்தையும் தூக்கிக் காட்டினார்.

"ஆக, நீங்க சொன்னது இத்தன வருஷமும் தப்பு?"

"தப்பு. கண்டுபிடிச்சது என் தம்பி. சரிபார்த்தது நான்."

"தம்பி எந்த யுனிவர்சிட்டி?"

"போன் ரிப்பேர் பண்றான்."

ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு மாதிரி பதில் சொல்லியிருக்கலாமே என்று வெளியே வந்த பிறகும் தோன்றவில்லை.

ஜூலை 21, திங்கள்

பழைய கட்டுரையில் இருந்த வீட்டு முகவரிக்குக் கடிதம் அனுப்பினேன். ஐந்தாவது முறை எழுதியது. முதல் நான்கில் விளக்கம் அதிகம். இதில் நான் எழுதியது தவறு, அவர் எழுதியது சரி, படம் சரி, பெயரைத் திரும்பக் கொண்டுவருகிறேன். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பதவி கிடைக்கவில்லை. வண்டுப் பிரிவுக்காரருக்குப் போயிற்று. பொறுமைசாலி, எங்கள் கூட்டங்களில் அதுதான் வேண்டும். வலித்தது. மத்தியானத்துக்குள் மாடிக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

தொலைபேசி. அந்த ஆய்வாளரின் மனைவி. வயதான குரல், தெளிவாக.

"கடுதாசி வந்துது. அவர் போயி ஆறு வருஷம் ஆச்சும்மா."

அவரே தொடர்ந்தார்.

"கற்பனைன்னு எழுதினது நீங்கதானே?"

"நான்தாங்க."

"அந்தப் படம் நான் வரைஞ்சது. அவருக்குக் கோடு நேரா வராது. எனக்குக் கற்பனையே கெடையாதும்மா. ஸ்கூல்ல மயில் வரையச் சொன்னா, எதிர்ல மயில் நிக்கணும்."

மன்னிப்புக் கேட்டேன்.

"இது அவர் இருந்தப்ப வந்திருக்கணும். வரல. அத ஒண்ணும் பண்ண முடியாது. எட்டாம் படத்த அச்சுல தலைகீழாப் போட்டுட்டாங்க. அப்ப எழுதிக் கேட்டும் திருத்தல. அத முதல்ல நேராக்குங்க."

"நான் அத நேரா இருக்குன்னே நெனச்சுட்டேன்."

"அதான் பாத்தேன்," என்றார்.

வைப்பதற்கு முன்னால், அழுத்தாமல் எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். மேலே வைத்து மூடும் மெல்லிய கண்ணாடி தீர்ந்துபோயிருந்ததாம். வாங்கப் போன கணவர் வரும்வரை தான் சும்மா இருக்க வேண்டாமென்று வரைந்துவிட்டாராம்.

ஆகஸ்ட் 27, புதன்

மரபணு முடிவு வந்தது. இரண்டு இனம்.

அக்டோபர் 10, வெள்ளி

கட்டுரை வெளிவந்தது. மூன்று ஆசிரியர்கள். எட்டாம் படம் வரைந்த அம்மாவின் பெயர் முதல் முறையாக அச்சில். தம்பியின் முகவரியாகப் போன் கடையின் முகவரியே. பத்திரிகைக்காரர்கள் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். அவன் அதைச் சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கிறான். ஒரு வாடிக்கையாளர், "இது என்ன, லைசென்ஸா?" என்று கேட்டாராம்.

"ஆமா" என்று சொல்லிவிட்டானாம்.

நவம்பர் 16, ஞாயிறு

படம் வரைந்த அந்த அம்மா இன்று மியூசியத்துக்கு வந்திருந்தார். பேருந்தில், தன் சொந்தப் பென்சில் டப்பாவோடு. தம்பி எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, அவர் வரைந்தார். இருவரும் என்னைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆற்றங்கரை மரத்திலிருந்து நான் கொண்டுவந்த பூச்சியைப் பார்த்ததும் அவர் பென்சிலை வைத்தார்.

"இது ரெண்டுலயும் சேராது."

"நானும் அதான் நெனச்சேன்," என்றான் தம்பி.

எனக்கு அது மரத்தான்தான். உறுதியாகச் சொல்வேன், கொக்கி கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சொன்னேன். இருவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், ஒப்புக்கொள்ளவில்லை.

பதிவேட்டில் இனத்தின் பெயர் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, ஆற்றங்கரை மரத்தின் கன்று ஆறு கேட்டுத் தோட்டக்காரருக்குச் சீட்டு அனுப்பியிருக்கிறேன். புழு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.