கைக்கு அடங்காத சோப்பு

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? இந்த முறை யாரையும் எழுதித் தரச் சொல்லாமல் நானே எழுதுகிறேன், பார்த்தாயா!

மானியம் வாங்கித் தொழில் செய்யும் நாங்கள் வாரம் ஒருவர் பட்டறையில் கூடுவோம். அவர் செய்த சரக்கைப் பார்த்து மற்றவர்கள் குறை நிறை சொல்வார்கள்; அப்போது அவர் வாய் திறக்கக் கூடாது. இந்த வாரம் என் முறை. சிரிக்காதே.

நான் செய்யும் சோப்பு விற்றால்தானே உன்னை இங்கே கூட்டி வர முடியும்?

தையல்காரம்மா சொன்னார்: "பெரியவரே, வாசனை அருமை. ஆனா உங்க கைக்கு அளவா செஞ்சிருக்கீங்க. எங்க கையில நிக்காம வழுக்கிட்டு ஓடுது!"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். "மூச்!" என்றார் தச்சர். பிறகு அவரே சின்ன அச்சு செய்து தருவதாகச் சொன்னார்.

அளவுக்குத் தையல்காரம்மா கை நீட்டினார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். உன் கையைத் தாளில் வைத்து, சுற்றி வரைந்து அனுப்பு. தச்சரிடம் கொடுக்குமுன் கொஞ்ச நாள் நானே வைத்திருப்பேன்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உன் வீட்டுக்காரன்