அம்மனிடம் நான் கேட்ட வெற்றி

நயினாதீவு,
புதன்கிழமை.

அன்புள்ள மகன் பார்த்தீபனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அம்மன் துணையில் நானும் அம்மாவும் தங்கச்சி பைரவியும் சுகம், நீரும் அங்கே உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்று காலைப் பூசை செய்யும்போது கேட்டுக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். எனக்குக் கண் ஆபரேசன் செய்து இன்னும் மூன்று கிழமை ஆகவில்லை, அதனால் நான் சொல்லச் சொல்லப் பைரவி எழுதுகிறாள், முடிந்ததும் போனில் படமெடுத்து அனுப்புவாள். போனில் கதைத்தால் நீர் இடையில் வைத்துவிடுகிறீர், கடிதத்தை அப்படி வைக்க ஏலாது. இங்கே காற்று பெலத்துவிட்டது, அம்மா கண்மருந்து வாங்கப் போய்க் குறிகட்டுவான் துறைப் படகில் முழுக்க நனைந்து வந்தார்.

போன கிழமை நீர் போனில் குரல்பதிவு அனுப்பியிருந்தீர். "அப்பா, ஞாயிற்றுக்கிழமை இஞ்சை தேர்தல். நான் வோட்டுப் போடுற கட்சி வெல்லவேணும், அம்மனுக்கு ஒரு அர்ச்சனை செய்துவிடுங்கோ" என்று. விசாவுக்கும் வேலைக்கும் அர்ச்சனை கேட்டிருக்கிறீர், தேர்தலுக்குக் கேட்டது இதுதான் முதல். அந்த நாட்டுப் பிரசையாகி வாக்குப் போடும் அளவுக்கு வந்துவிட்டீர் என்று எனக்குப் பெருமை, கட்சி என்ன சொல்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. உம்முடைய பெயரும் நட்சத்திரமும் சொல்லிச் சங்கற்பம் செய்தேன். பின்வளவு வீட்டுச் சீதேவி, உம்முடைய வீட்டில் ஒரு வருடமாக இருக்கிற தன் மகன் நிமலனின் அகதி வழக்குக்காகத் தேங்காயோடு வந்து நின்றாள். "தம்பி ஐயா அங்கை எம்பியா வரப்போறாரோ? வந்தா முதல் கையெழுத்தை எங்கடை பொடியன்ரை பேப்பரிலை வைக்கச் சொல்லுங்கோ" என்று பகிடி விட்டுவிட்டு, உமக்கும் ஒரு தேங்காய் உடைத்தாள்.

செவ்வாய் காலை பேப்பரில் வெளிநாட்டுச் செய்தியைப் பைரவி வாசித்தாள். அங்கே தேர்தல் இரண்டு சுற்றாம், முதல் சுற்றில் உம்முடைய கட்சி முன்னுக்கு நிற்கிறதாம், வென்றால் அகதிகளை எடுக்கமாட்டார்களாம், வழக்கு முடியாதவர்களைத் திருப்பி அனுப்புவார்களாம். வேறு கட்சியாக இருக்கும் என்று இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னேன். உடனே உமக்குப் போன் எடுத்தேன். "எல்லாரும் கள்ளர் அப்பா. மாறி மாறிப் போட்டுப் பாத்திட்டன், ஒருத்தனும் ஒண்டும் செய்யேல்லை. நாங்கள் வரி கட்டுறம், வாறவங்கள் சும்மா இருந்து எடுக்கிறாங்கள். இவை ஒருக்கா வரட்டும், எங்களிட்டைப் பாஸ்போட் இருக்கு" என்றீர். அப்படியென்றால் நிமலன் என்ன ஆவான் என்று கேட்டேன். "அவன்ரை கேஸ் எப்பிடியும் நிக்காதப்பா" என்று சொல்லி வைத்துவிட்டீர். உம்முடைய அகதி வழக்கும் இரண்டு தரம் நிற்காமல் போனதுதான் மகன், அந்த நாட்களில் உம்மை ஒருவரும் வீட்டைவிட்டு அனுப்பவில்லை.

கோபம் எனக்கு விளங்காமல் இல்லை. போன தேர்தலில் நானும் வாக்குச்சீட்டில் எல்லாப் பெயருக்கும் குறுக்கே கோடு இழுத்துவிட்டு வந்தவன், முப்பது வருடம் நம்பிப் போட்டவர்கள் இந்தத் தீவுக்கு ஒழுங்கான படகு ஒன்றுகூடக் கொண்டுவரவில்லை. அதற்காக அம்மா அப்போது இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை உம்முடைய குசினியில் சாப்பிடுகிற பிள்ளையின் மேல் கொண்டுபோய் விட எப்படி மனம் வந்தது என்றுதான் விளங்கவில்லை.

அன்று பின்னேரம் சீதேவி "வெண்டிட்டினமோ ஐயா" என்று கேட்டுக்கொண்டு பனங்கிழங்குப் புழுக்கொடியல் கொண்டுவந்தாள். என் வாயால் கேட்ட வெற்றி அது, மறைக்க ஏலாமல் உள்ளதைச் சொன்னேன். உம்மைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ, "ஐயா, தம்பி ஐயாவோடை ஒண்டும் கதைச்சுப்போடாதேங்கோ. கோவத்திலை பொடியனை வெளியிலை விட்டிட்டா அவன் எங்கை போவான்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நான் பெற்ற பிள்ளைக்கு ஒரு தாய் பயப்படுவதை என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

இரண்டாம் சுற்றுக்கும் அர்ச்சனை செய்யச் சொல்லி அம்மாவிடம் சொன்னீராம், அதை நான் செய்யமாட்டேன். வாக்கு உம்முடையது, அதில் நான் தலையிடவில்லை. வருகிற ஞாயிறு வாக்களிக்கப் போகமுன் சீதேவிக்கு ஒரு போன் எடுத்து, வழக்கு எப்படி முடிந்தாலும் நிமலனை வீட்டைவிட்டு அனுப்பமாட்டேன் என்று சொல்லும். அப்படிச் சொல்ல ஏலாது என்றால் எனக்குப் போன் எடுத்துச் சொல்லும், அவனுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லி அவளிடம் நானே போகிறேன்.

வேலைக்குப் போகமுன் சாப்பிட்டுப் போம். அம்மன் உம்மையும் அவனையும் ஒன்றாகக் காக்கட்டும். பதினெட்டாம் திகதி அவனுக்கு விசாரணை, கூடப் போவதாக வாக்குக் கொடுத்தவர் நீர், மறவாதேயும்.

என்றும் அன்புடன்,
அப்பா
குமாரசுவாமி

அண்ணை, எழுதியது பைரவி. சீதேவி அக்காவின் போன் இலக்கத்தைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.