நண்டு நடந்த பள்ளிக்கூடம்

என் அன்புக்குரிய பிலோ,

கடிதம் என்றால் "நாங்கள் இங்கு நலம், நீ அங்கு நலமா" என்றுதான் தொடங்கவேண்டும். "இங்கு நலம்" வரை எழுதிவிட்டேன். அடுத்த சொல்லில் பேனை நின்றுவிட்டது. நீ இருக்கிற இடத்துக்கு என்ன சொல் போடுவது? அங்கு என்பதா, உங்கு என்பதா? இந்த வித்தியாசத்தை எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.

வருகிற ஞாயிறு உன் ஆண்டு நினைவுப் பூசை. பூசை முடிய நான் உன்னைப்பற்றி ஏதாவது வாசிக்கவேண்டும் என்று உன் மரியதாசன் வந்து கேட்டார். "நான் சைவக்காரி, உங்கடை கோயிலுக்குள்ளை ஏறி நிண்டு என்னத்தை வாசிக்கிறது?" என்றேன். "அப்ப வெளியிலை வேப்பமரத்தடியிலை வாசியுங்கோ அக்கா. அவவுக்குக் கேக்கும்" என்றார். உன் மனிசன் அதிகம் கதைக்கிறவர் இல்லை. கதைத்தால் இப்படித்தான், மறுக்க இடம் வைக்காமல் கதைப்பார். ஆகவே எங்கள் பாலர் பாடசாலைத் தாய்மார் எல்லாரும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களைப்பற்றியும் ஒன்றிரண்டு வார்த்தை வரும். கோபிக்கக் கூடாது.

சண்டை மூண்டு, கடற்கரை மயிலிட்டியை விட்டுச் சனம் எல்லாம் ஓடிவந்த அந்த வருடம் நீங்கள் சண்டிலிப்பாயில் எங்கள் வளவுக்கு வந்தீர்கள். உன் இடுப்பில் ரெஜி, கையில் ஒரு பை, மரியதாசனின் தோளில் சுருட்டின வலை. கடல் இல்லாத ஊருக்கு வலையைக் காவிக்கொண்டு வந்த மனிதனைப் பார்த்து எங்கள் ஐயா சிரித்தார். பிறகு சிரித்ததற்காக அவரே கிணற்றடிக்குப் போய் உங்களுக்குத் தண்ணீர் அள்ளிக்கொடுத்தார்.

அப்போது நான் எங்கள் புகையிலைக் கொட்டிலில் பாலர் பாடசாலை நடத்திக்கொண்டிருந்தேன். பாதை பூட்டி, புகையிலையை வெளியே அனுப்ப வழியில்லாமல் ஐயா பயிரை நிறுத்தியதால் கொட்டில் சும்மா கிடந்தது. நீயும் மயிலிட்டியில் பாலர் வகுப்புப் படிப்பித்தவள். இரண்டு ரீச்சர்மார், ஒரு கொட்டில். அடிபாடு வராமல் என்ன செய்யும்?

நான் பிள்ளைகளை வரிசையில் இருத்தினேன். நீ எழுப்பினாய். சுளகில் மண் பரப்பி விரலால் எழுதப் பழக்கினது என் யோசனை, அதை நீ ஒருபோதும் மறுத்ததில்லை. வெண்கட்டி இல்லை, கொப்பி இல்லை என்று நாடே முட்டுப்பட்ட காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதத் தட்டுப்பாடு இருக்கவில்லை. வெங்காயம், கத்தரிக்காய், பயிற்றங்காய்க்கெல்லாம் நான் பாட்டுக் கட்டினேன். அதுகளையும் நீ குறை சொல்லவில்லை. இருத்தி வைப்பதைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை.

"உவையளை இருத்தி வைச்சால் எழுத்து கால்வழியாலை இறங்கிப் போடும் அக்கா" என்பாய்.

"எழும்பி ஓடவிட்டால் மட்டும் தலைக்கு ஏறுமோ?" என்பேன் நான்.

"ஓம், ஏறும். பாருங்கோவன்."

அப்படிச் சொல்லிவிட்டுத்தான் அந்த விளையாட்டைத் தொடங்கினாய். கொட்டிலின் நடுவில் ஒரு தென்னங்குற்றியைப் போட்டு அதில் நீ இருந்தாய். உன் மடியில் ஒரு செம்பு. முன்னால் நிற்கிற பிள்ளையின் காலடியில் ஒரு சிரட்டை. தூரத்துத் தூணடியில் ஒரு கடகம். "சிரட்டை எங்கை?" என்று கேட்டால் பிள்ளை "இங்கை" என்று சொல்லி மண்ணில் இ எழுதவேண்டும். "கடகம் எங்கை?" என்றால் "அங்கை" என்று அ எழுதவேண்டும். "செம்பு எங்கை?" என்றால், அது கேட்கிறவளிடம் இருப்பதால், "உங்கை" என்று சொல்லி உ எழுதவேண்டும்.

எனக்கு இங்கே இருப்பது உனக்கு உங்கே. ஒரே செம்புதான், ஆள் மாறச் சொல்லும் மாறும். பிள்ளைகளுக்கு அது மந்திரவித்தை மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போயும் சட்டி, பானை, ஆடு, அப்பு என்று ஒன்றையும் விடாமல் கேட்டு ஆட்களை ஆக்கினைப்படுத்தினார்கள்.

பிழைவிட்ட பிள்ளை நண்டு மாதிரிப் பக்கவாட்டில் கொட்டிலைச் சுற்றி நடக்கவேண்டும் என்று நீ ஒரு தண்டனை வைத்தாய். அதுதான் நீ விட்ட பிழை. அடுத்த நாள் ஒரு பிள்ளைகூடச் சரியான விடை சொல்லவில்லை. மடியில் கிடந்த செம்பைப் பார்த்து "அங்கை! அங்கை!" என்று கத்திவிட்டுக் கொட்டில் முழுக்க நண்டுகள். நீ குற்றியில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தாய். நான் பிரம்பைத் தேடினேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, "இனிமேல் சரியாச் சொல்லுற ஆக்கள் மட்டும்தான் நண்டு!" என்றாய். அவ்வளவுதான். அந்தக் கிழமைக்குள் முழுப் பிள்ளைகளும் மூன்று எழுத்தும் எழுதினார்கள்.

சென்னைக்குப் போய்விட்ட என் தங்கை ஒருமுறை எழுதியிருந்தாள், அந்தப் பக்கத்துத் தமிழில் இதுவும் அதுவும்தானாம், உது கிடையாதாம். உனக்கு வாசித்துக் காட்டினேன். நீ உண்மையாகவே பாவப்பட்டாய். "அப்ப அவையள், கதைக்கிற ஆளுக்குப் பக்கத்திலை இருக்கிறதை என்னெண்டு சொல்லுவினம்? தூரத்திலை இருக்கிற மாதிரியெல்லோ வந்திடும்?"

ஒரு தாய் வந்து சண்டை பிடித்தது ஞாபகம் இருக்கிறதா? "உங்கடை பள்ளிக்கூடத்துக்கு வந்து என்ரை பிள்ளை சுருட்டு மணக்குது!" கொட்டிலின் கிடுகில் ஊறின புகையிலை வாசம் அது. நீ பிள்ளையை மணந்து பார்த்துவிட்டு, "பறவாயில்லை, மயிலிட்டியிலை எண்டால் கருவாடு மணந்திருக்கும்" என்றாய். அந்தத் தாய்க்கு அதற்குமேல் சண்டை பிடிக்கத் தெரியவில்லை. அவரும் ஞாயிறு வருவார்.

பொம்மர் வருகிற நாட்களில் பதுங்குகுழிக்குள் இறங்குவோம். குண்டுச் சத்தத்துக்குக் காது வெடிக்காமல் இருக்க வாயைத் திறந்து வைத்திருக்கவேண்டும். பயந்த பிள்ளை எங்கே வாய் திறக்கும்? பல்லை நெரித்துக்கொண்டு நடுங்கும். நீ எல்லாரையும் காதில் விரலை வைக்கச் சொல்லிவிட்டு, "இப்ப என்ன பாடம்? ஆவன்னாப் பாடம்! ஆர் கன நேரம் பிடிக்கிறது எண்டு பாப்பம்" என்பாய். எல்லாரும் ஆ என்று இழுப்பார்கள். ஆகாயத்தில் அதன் சத்தம், மண்ணுக்குள் எங்கள் சத்தம். எங்கள் பிள்ளைகள் ஆவன்னா படித்தது அப்படித்தான். உன் கை என் கையைப் பிடித்திருக்கும். பொம்மர் போன பிறகும் நீ அதை விடமாட்டாய், அது பிள்ளைகளுக்குத் தெரியாது.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா என்றார்கள். அந்த வருடம் ஊரில் பாதிப் பேருக்கு மலேரியா, ஆகையால் எனக்கும் பெரிதாகப் பயம் வரவில்லை. மரியதாசனின் சைக்கிள் கரியரில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "அக்கா, மண் முடிஞ்சுது. அரிச்சு வையுங்கோ, வந்திடுவன்" என்றாய். நான் மண்ணை அரித்து, கல் பொறுக்கி, சுளகில் பரப்பி வைத்தேன். மருந்து வந்து சேர முன் நீ முந்திப் போய்விட்டாய்.

அதன்பின் நான் அந்த விளையாட்டை எடுக்கவில்லை. தென்னங்குற்றியைத் தூணடிக்குத் தள்ளிவிட்டேன். அதில் என்னால் இருக்க முடியவில்லை, பிலோ. பிள்ளைகள் கேட்டால் வெங்காயப் பாட்டைப் பாடினேன். எனக்கே அந்தப் பாட்டு அலுத்துவிட்டது.

ரெஜி கதைப்பதை நிறுத்திவிட்டாள். வீட்டில் மரியதாசனோடு ஒன்றிரண்டு சொல். எங்கள் குசினியில் என்னோடு "பெரியம்மா, பசிக்குது" என்கிற அளவில். கொட்டிலுக்குள் காலை வைத்தால் அதுவும் இல்லை. என் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி ஒரு மூலையில் இருப்பாள். இந்தத் தையில் ஆண்டு ஒன்றுக்கு, முதலாம் வகுப்புக்கு, போகவேண்டிய பிள்ளை. பெரிய பள்ளிக்கூடத்து அதிபரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பெயரைக் கேட்டார். சொல்லவில்லை. வயதைக் கேட்டார். சொல்லவில்லை. "வாய் திறக்காத பிள்ளையை எடுத்து நான் என்ன செய்யிறது ரீச்சர்? ஒரு வருசம் போகட்டும். இல்லாட்டி முதலாம் தவணை தொடங்க முன்னம் ஒருக்கால் கொண்டுவந்து காட்டுங்கோ" என்றார். நல்ல மனிதர்தான். ஆனாலும் வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன்.

ஒரு வருடம் போனால் என்ன என்று மரியதாசன் சொன்னார். எனக்கு அது ஒரு வருடக் கதையாகப் படவில்லை. கொட்டில் முழுவதையும் சிரிக்கவைத்தவளின் பிள்ளை மூலையில் இருந்தே பழகிவிடுமோ என்ற பயம். பூவரசம் இலையில் பீப்பீ ஊதி, பனங்கொட்டையில் முகம் கீறி, எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் காட்டிப் பார்த்தேன். அவள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலையில் என்ன நினைத்தேனோ, குற்றியைத் தூணடியில் இருந்து உருட்டிவந்து நடுவில் போட்டேன். இருந்தேன். மடியில் செம்பை வைத்தேன். பழைய பிள்ளைகள் "நண்டு! நண்டு!" என்று கத்தினார்கள். கொட்டிலே எழும்பி ஆடியது. ரெஜி என் தலைப்பை விட்டுவிட்டுத் தூரப்போய் நின்றாள். தப்புச் செய்துவிட்டேனோ என்று குற்றியில் இருந்து எழும்பப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் கேள்வி கேட்கிற முறை பிள்ளைகளுக்கு வந்தது. சங்கானையில் இருந்து புதிதாக வந்த ஒரு சின்னன், ஒன்றும் அறியாதது, சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டது: "ரெஜியின்ரை அம்மா எங்கை?"

ஒரு பிள்ளை மேலே கையைக் காட்டி, மெதுவாக, "அங்கை" என்றது. அதுதானே எல்லாரும் சொல்லிக் கொடுத்தது? நானும்தான் சொல்லிக் கொடுத்தேன்.

"இல்லை" என்று ஒரு குரல். ரெஜி. "பிழை."

கையை நீட்டி என்னைக் காட்டினாள். குற்றியை, செம்பை, என்னை.

கேட்ட சின்னனை விட்டு, என்னைப் பார்த்து "உங்கை" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன், பிலோ. இவ்வளவு வயதும் வந்து, பிள்ளைகளுக்கு முன்னால், வெட்கமில்லாமல் எனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

பிறகு ரெஜி தானாக வந்து சுளகு மண்ணில் உ எழுதினாள். உன்னைப் போலவே வாலைக் கொஞ்சம் கூட நீட்டி எழுதினாள். சரியான விடைக்கு என்ன என்று நான் சொல்ல முதலே கையையும் காலையும் ஊன்றி, பக்கவாட்டில், கொட்டிலை ஒரு சுற்று. பின்னால் மற்றப் பிள்ளைகள். கடைசியில் நான். என் முழங்கால் இன்னும் நோகிறது. சிரித்தேனா அழுதேனா என்று ஞாயிறு வருகிற தாய்மாரிடம் அவர்களின் பிள்ளைகள் ஏற்கெனவே கதை கதையாகச் சொல்லியிருக்கும்.

நேற்று அதிபரிடம் போனோம். பெயரைச் சொன்னாள், வயதைச் சொன்னாள். அவர் பகிடியாக, "உம்மடை வாய் இவ்வளவு நாளும் எங்கை போனது?" என்று கேட்டார். "இங்கைதான்" என்றாள். திங்கட்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆண்டு ஒன்றுக்குப் போகிறாள். சட்டை நீ பூசைக்கு உடுக்கிற வெள்ளைச் சேலையில் வெட்டித் தைத்தது. மரியதாசன்தான் எடுத்துத் தந்தார்.

உன்னைக் காணவேண்டும் போல இருக்கிறது. வேறு வார்த்தை எனக்கு வரவில்லை. திங்கட்கிழமை படலையடியில் என் பக்கத்தில் நீயும் நின்று அவளுக்குக் கை காட்டவேண்டும் போல இருக்கிறது. கொட்டிலுக்குள் நீ வந்து "அக்கா, உதென்ன பாட்டு, பழம்பாட்டு" என்று என்னைக் குழப்பவேண்டும் போல இருக்கிறது. ஏன் உனக்கு இவ்வளவு அவசரம்?

அந்தக் குற்றியை இனி நகர்த்தமாட்டேன். புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும், என் முழங்கால் உள்ளவரை, நண்டு நடத்திக் காட்டுவேன். உன்னைப்பற்றிக் கேட்கிற ஒருவருக்கும் அங்கே என்று சொல்லமாட்டேன். அது தூரத்தில் இருக்கிறவர்களுக்கு உரிய சொல். நான் உன்னோடு கதைத்துக்கொண்டிருக்கிறேன். கதைக்கிற ஆள் இருக்கிற இடத்துக்கு எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது.

மேலே வெறுமையாக விட்ட இடத்தை இப்போது நிரப்புகிறேன்.

நாங்கள் இங்கு நலம், பிலோ. நீ உங்கு நலமா?

உன் அக்கா,
ரெஜியின் பெரியம்மா.