சொந்தப் பெயரில் கட்டியவை

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் நிதி நிறுவனத்தின் கடன் குழு இன்று கட்டுநர் வெர்னிட்டா கெய்தரின் மனுவைத் தள்ளிவிட்டது. ஏழு பேரில் ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். கிளீவ்லாண்டின் கிழக்குப் பக்கம், சர்ச்சுக்குச் சொந்தமான காலி மனையில் குறைந்த வாடகைக்கு முப்பத்திரண்டு வீடுகள் கட்டுவது அவர் திட்டம். ஏப்ரல் 15க்குள் கடன் உறுதியாகாவிட்டால் சர்ச் அந்த மனையைக் கார் நிறுத்தும் கம்பெனிக்கு விற்றுவிடும்.

காரணம் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்: ‘சொந்தப் பெயரில் கட்டி முடித்தவை.’ அதில் பூஜ்யம்.

“நல்ல பொம்பளைதான், ரோஸ்லின். ஆனா ஒண்ணுமே கட்டாதவங்களை நம்பி எப்படிக் குடுக்கறது?” என்றார் குழுத் தலைவர் ஹாஸ்கல். நம் நிதியில் மூன்றில் ஒரு பங்கு அவருடைய வங்கிப் பணம்.

வங்கிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பும் கறுப்பினக் கட்டுநர்களுக்காகத்தான் இந்த நிதியைத் தொடங்கினேன். இன்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

நானே நேரில் போய்ச் சொன்னேன். வெர்னிட்டா தன் டிரக்கில் உட்கார்ந்து பொரித்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை.

“ஒண்ணுமே கட்டலையாமா? நாலு பெரிய கட்டடம், இந்தாம்மா! பெரிய கம்பெனிக்காரன் டெண்டர்ல கறுப்புக் கூட்டாளி இருந்தா நகராட்சி கூடுதல் மார்க் போடும். அதுக்கு நான் வேணும். சேறு மிதிக்க நான் வேணும். முடியறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி என் பங்கை வாங்கிக்கிட்டு வெளியே போகச் சொல்லுவான். ரிப்பன் வெட்டறப்ப என் பேரு எங்க இருக்கும்?”

“அப்படிப் பத்திரத்துல ஏன்க்கா கையெழுத்துப் போட்டீங்க?”

“பதினோரு பேரு வெள்ளிக்கிழமை கூலிக்கு நிப்பானுங்க. நீயா குடுத்தே?” மீன் முள்ளை ஜன்னல் வழியாகத் துப்பினார். “அந்தக் கட்டத்தைப் போட்ட மகராசன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்.”

கிளம்பி வந்துவிட்டேன்.

மார்ச் 7

அந்தக் கட்டத்தைப் போட்டது நான்தான். பதினாலு வருஷத்துக்கு முன்னால், வங்கிக்காரர்கள் எங்களை மதிக்க வேண்டுமென்று, அவர்கள் படிவத்தையே அப்படியே நகல் எடுத்தேன். யாரைக் கேட்டுப் போட்டேன்? சே.

மார்ச் 19, புதன்

வெர்னிட்டா சொன்ன கட்டடங்களுக்கு அத்தாட்சி தேடி, மூன்று நாளாக நகராட்சி ஆவண அறையே கதி. அஸ்திவாரம், குழாய், மின்கம்பி, கூரை — ஒவ்வொரு வேலை முடியும்போதும் ஆய்வாளர் வருவார். அன்று வேலையிடத்தில் பொறுப்பாக நிற்பவர் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் திருப்பிப் பார்க்காத சீட்டுகள். நான்கு கட்டடங்களுக்கும் சேர்த்து அறுபத்தொன்று. ஐம்பத்தெட்டில் வி. கெய்தர். பெரிய கம்பெனிக்காரன் கையெழுத்து மூன்றே மூன்று. மூன்றும் கடைசி நாள் சீட்டுகள், வெயில் காலம், சேறு இல்லாத நாட்கள்.

ஏப்ரல் 2, புதன்

சீட்டுகளைக் குழுவின் மேஜையில் பரப்பினேன். “கையெழுத்து அனுபவம் ஆகிடாது” என்றார் ஹாஸ்கல்.

“இனி நம்ம படிவத்துல அனுபவம்னா இதுதான் மிஸ்டர் ஹாஸ்கல். யார் பேர்ல முடிஞ்சதுன்னு இல்ல, யார் நின்னு கட்டினாங்கன்னு கேப்போம். அந்தக் கட்டத்தைப் போட்டவ நான். நானே எடுக்கறேன். முடியாதுன்னா என்னை வேலையிலேருந்து எடுங்க.”

“மிரட்டறீங்களா?”

“ஆமா.”

உடனே வாக்கெடுத்தோம். நாலுக்கு மூன்று. விதி மாறியது, வெர்னிட்டாவின் மனுவும் நிறைவேறியது. ஹாஸ்கல் பேனாவை மூடிக்கொண்டே, “இனிமே எங்க வங்கிப் பணத்தை எதிர்பார்க்காதீங்க” என்றார். ஏதோ மழை வரும் என்று சொல்வதுபோல.

ஏப்ரல் 3

பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

ஏப்ரல் 5, சனி

அந்தக் கட்டத்தைப் போட்டது நான்தான் என்று வெர்னிட்டாவிடம் சொல்லிவிட்டேன். “நீதானா அது?” என்றார். அப்புறம், “சரி, பத்திரத்தைக் கொண்டா. ஒரு வரி விடாம படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். உன் பத்திரமா இருந்தாலும்!” படிக்க இரண்டு மணி நேரம் ஆனது. காத்திருந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

ஹாஸ்கல் சொன்னதைச் செய்துவிட்டார். அலுவலகத்தைக் காலி செய்து, ஒரு பல் டாக்டர் மாடியில் ஒற்றை அறைக்கு வந்திருக்கிறோம். என் சம்பளம் பாதி. பதினாலு இடத்தில் பணம் கேட்டு, பதினாலு இடத்திலும் இல்லை. பதினைந்தாவதாக, கன்னியர் மடத்தின் ஓய்வுக்கால நிதி. “எங்க எல்லாருக்கும் எண்பது தாண்டிடுச்சும்மா, யோசிக்கறதுக்கு நேரமில்ல. எவ்வளவு வேணும்?” என்றார் தலைமைக் கன்னியர். போனை வைத்துவிட்டு அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய கோப்புகளைப் பிரித்தேன். அந்த ஒரு கட்டத்தால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருபத்துமூன்று பேர். ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினேன். தவறு எங்களுடையது, மறுபடி வாருங்கள்.

அக்டோபர் 16, வியாழன்

வெர்னிட்டாவின் மூன்றாவது மாடி எழும்பிவிட்டது. பனி விழுவதற்குள் கூரை போட்டுவிடுவாராம்.

கடிதம் போனவர்களில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். ஐந்து பேரிடமிருந்து பதிலே இல்லை. ஒருவர், எங்களை நம்பிய காலம் போய்விட்டது என்று எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இன்று ஆறு பேர் வந்தார்கள். நாற்காலி போதவில்லை. அலான்சோ டிரூயிட் என்பவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அதே கோப்பு, ஓரமெல்லாம் மஞ்சளாகி.

“வேற இடம் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“எதுக்கு மேடம்? அதே மனை இன்னும் காலியாத்தான் கிடக்கு.”

கோட்டு மாட்டிக்கொண்டு, மனையைப் பார்க்க அவருடன் கிளம்பினேன்.