நீ சொல்லிவந்த ஆற்றுக் கதை

இன்று நவம்பர் 27. எனக்கு எழுபத்தொரு வயதும் நான்கு மாதமும். திருவேற்காட்டில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். காலையில் ரப்பர் படகோடு வந்தவர்கள், ஈரம் காயாத லைஃப் ஜாக்கெட் ஒன்றை எனக்கு மாட்டிவிட்டார்கள். அந்தப் புளித்த நைலான் நாற்றம் என்னை நேரே குடகில் கொண்டுபோய் விட்டது. நீ இருந்திருந்தால் துடுப்பைக் கேட்டு வாங்கியிருப்பாய்.

அப்போது நமக்கு ஐம்பத்தெட்டு. கல்லூரியிலிருந்து இருவரும் ஓய்வு பெற்ற கையோடு, நீ உன் கணவரை விட்டு விலக முடிவெடுத்திருந்தாய். முப்பது ஆண்டு வசவுக்குப் பிறகு அது அவசர முடிவு அல்ல. ஐயப்பன்தாங்கல் பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் நாம் பார்த்து வைத்த ஒற்றையறை வீட்டின் சாவி உன் கைப்பையில் இருந்தது. ஊர் திரும்பியதும் அவரிடம் சொல்வதாக ஏற்பாடு. முன்பே பதிவு செய்த குடகுப் பயணம் என்பதால் அவரும் வந்தார்.

மழைக்கால ஆறு பாறைகளுக்கிடையே நுரைத்து இறங்கியது. ரப்பர் படகின் முன்வரிசையில் நீயும் அவரும், அவருக்குப் பின்னால் நான், கடைசியில் படகோட்டி. ஒரு சரிவில் படகு பாறையில் மோதி ஒருபக்கமாக எழுந்தது. நீ விழுந்தாய், மறுநொடி அவரும் நீரில் இருந்தார். கரையேறியதும் இருமிக்கொண்டே சிரித்தாய்.

"பாத்தியாடி, எனக்காகக் குதிச்சிட்டாரு இந்த மனுசன். தண்ணிக்குள்ள என் தோள உடவே இல்ல."

அவர் மறுக்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டையைப் பிழிவதில் மும்முரமானார்.

அந்த வாரமே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னாய். அவர் பழையபடிதான் இருந்தார். குழம்பில் உப்பு கூடினால் தட்டு பறந்தது. கேட்டால், "வாய்தான்டி அப்டி. உசுரக் குடுக்க வந்தவருடி" என்பாய். சாகும்வரை அதை நம்பியே அந்த வீட்டில் இருந்தாய்.

கடந்த ஆடியில் நீ போனாய். காரியத்தன்று மேனாம்பேட்டில் உங்கள் வீட்டில், பாயசத்தை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு அவர் உறவினர் ஒருவரிடம் சொன்னார்: "அவ போறதப் பாத்தேன், நைனா. இன்னா ஏதுன்னு யோசிக்கல. குதிச்சிட்டேன்." கண்ணீர்கூட வந்தது. இப்போது அவரே அதை நம்புகிறார். என் காலத்துக்குப் பிறகு அதுவே வரலாறாகிவிடும். இதில் ஆறுதல் கொள்ள எதுவும் எனக்குத் தென்படவில்லை.

கரையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு சாவியும் போய்விட்டது.

அவர் குதிக்கவில்லை. உன்னைக் கொட்டிய படகுதான் அவரையும் கொட்டியது. மூச்சுக்காக உன் தோள்மேல் ஏறி, உன்னை நீருக்குள் அமிழ்த்தினார். உன் ஜாக்கெட் பட்டையிலிருந்து அவர் விரல்களைப் படகோட்டி ஒவ்வொன்றாகப் பிரித்த பிறகே உன்னைத் தூக்க முடிந்தது.